தரவரிசை 190: இரட்டையர் டென்னிஸின் கூட்டல் கணக்கு

டென்னிஸ் உலகத் தரவரிசையில் இரட்டையர் ஆட்டத்துக்கு ஜோடியாக இடம் தருவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி எண். ஆனால் ஒரு போட்டிக்குள் நுழையும்போது இருவரின் எண்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். தொகை எவ்வளவு குறைவோ அவ்வளவு முன்னுரிமை. 150, 200 என்ற இடங்களில் இருக்கும் ஒரு வீராங்கனையின் தொழில் முழுவதும் இந்த விதியைச் சுற்றியே ஓடுகிறது.

150ல் இருப்பவர் 170ல் இருப்பவரோடு சேர்ந்தால் 320. அவரே 60ல் இருப்பவரோடு சேர்ந்தால் 210. ஆட்டத் திறமை அப்படியேதான் இருக்கிறது, துணை மாறியதும் திறக்கும் கதவு மாறிவிடுகிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய போட்டிகளில் ஒற்றையர் எண், இரட்டையர் எண் இரண்டில் எது மேலோ அதைக் கணக்கில் வைக்கலாம். ஒற்றையரில் 40, 50ஆம் இடங்களில் இருக்கும் இருவர் இரட்டையரை எப்போதாவது ஆடுபவர்களாக இருந்தாலும், 90 என்ற தொகையோடு முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள். இரட்டையரையே பிழைப்பாகக் கொண்டவர் பட்டியலுக்கு வெளியே நிற்பார். தெரிந்த முகங்களைப் பார்க்கத்தான் கூட்டம் வரும் என்பது அமைப்பாளர்களின் வாதம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அதனால் இந்த வீராங்கனையின் வாரத்தில் பயிற்சிக்கு இணையான வேலை துணை தேடுவது. "அடுத்த வாரம் யாரோட ஆடுற?" என்று பலருக்குச் செய்தி போகும். பெயர் கொடுக்கும் கெடு நெருங்கும்போது, பேசி வைத்திருந்தவருக்கு மேல்வரிசைத் துணை கிடைத்துவிடலாம். அல்லது ஒற்றையர் ஆட்டத்தில் அவருக்குக் கால் பிசகி, இரட்டையரிலிருந்தும் விலகலாம். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் அதே கூட்டலைத்தான் போடுகிறார்கள்.

துணை அடிக்கடி மாறுவது ஆட்டத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதற்கு, வலைக்கு அருகே நிற்பவரைக் கவனித்தால் போதும். தன் ஜோடி சர்வ் போடும்போது அவர் வலையிலிருந்து ஏறக்குறைய 3 மீட்டர் தள்ளி நிற்கிறார். பந்தைத் திருப்பி அடிப்பவர் எதிர்ப்புற எல்லைக்கோட்டில், வலையிலிருந்து சுமார் 12 மீட்டரில். பந்து இந்த 15 மீட்டரை மணிக்கு 90 கி.மீ. சராசரி வேகத்தில் கடந்தால் ஆகும் நேரம் 0.6 விநாடி. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் அசையத் தொடங்கவே சுமார் 0.2 விநாடி போய்விடும். மிச்சமிருக்கும் 0.4 விநாடியில் குறுக்கே பாய்ந்து பந்தைத் தட்டிவிட வேண்டும். ஆடுகளத்தின் அகலமோ 10.97 மீட்டர். பார்த்துவிட்டுப் பாயலாம் என்றால் பெரும்பாலும் தாமதமாகிவிடும். எதிராளி அடிக்கும் முன்பே கிளம்ப வேண்டும். கிளம்பினால் அவர் விட்டுவரும் பக்கம் காலி, அதை நிரப்ப சர்வ் போட்டவர் அதே கணத்தில் ஓடியாக வேண்டும். இதற்காகத்தான் வலையருகே நிற்பவர் ஒவ்வொரு சர்வுக்கும் முன் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரல்களாலோ மூடிய முட்டியாலோ சைகை காட்டுகிறார்: பாய்கிறேன், அல்லது நிற்கிறேன். பல ஆண்டுகள் சேர்ந்து ஆடும் ஜோடிக்கு இது பழக்கத்தில் ஊறிப்போயிருக்கும். திங்கட்கிழமை சந்தித்துச் செவ்வாய்க்கிழமை களமிறங்கும் ஜோடி எல்லாவற்றையும் வாயால் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

வருமானத்துக்கு வருவோம். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நடத்தும் பெண்கள் போட்டிகளின் கடைசிப் படி டபிள்யூ 15. அதன் மொத்தப் பரிசுத்தொகையே 15,000 டாலர். அதில் பெரும்பகுதி ஒற்றையருக்கு. இரட்டையர் கோப்பையை வெல்லும் ஜோடிக்குக் கிடைப்பது ஆயிரம் டாலருக்கும் குறைவு, அதையும் இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். நான்கு ஆட்டம் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினால் 15 தரவரிசைப் புள்ளி. டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களின் இரட்டையரில் முதல் சுற்றிலேயே தோற்றால் 10 புள்ளி! 2023 விம்பிள்டனில் அப்படித் தோற்ற ஜோடிக்கு 13,750 பவுண்டு கிடைத்தது. அதே ஆண்டு ஒற்றையர் முதல் சுற்றில் தோற்றவருக்கு, தனியொருவராக, 55,000 பவுண்டு. மேலே ஏறுவதற்கு எவ்வளவு ஏங்குவார்கள் என்பதை இந்த எண்களே சொல்லும். பயிற்சியாளரை உடன் அழைத்துச் செல்வது பலருக்கும் கட்டுப்படியாகாது. ஐரோப்பியக் கிளப் லீக்குகளில் ஆடிச் சம்பாதித்து விமானச் செலவைச் சமாளிப்பவர்கள் உண்டு. கிடைத்த புள்ளியும் 52 வாரம்தான் கணக்கில் நிற்கும், பிறகு உதிர்ந்துவிடும்.

இந்த நெருக்கடியில் ஸ்கோர் முறையும் தன் பங்குக்கு அதிர்ஷ்டத்தின் கையை ஓங்க வைக்கிறது. கிராண்ட் ஸ்லாம்களை விட்டுவிட்டால், இப்போது வழக்கமான சுற்றுப் போட்டிகளில் மூன்றாம் செட் கிடையாது. பதிலுக்குப் 10 புள்ளி டை-பிரேக்: குறைந்தது இரண்டு புள்ளி முன்னிலையோடு முதலில் 10ஐ எட்டும் ஜோடிக்கு வெற்றி. ஒரு கேமில் 40-40 என்று சமநிலை வந்தால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். யார் சர்வ் போட்டாலும் ஒவ்வொரு புள்ளியையும் வெல்ல 55 சதவீத வாய்ப்புள்ள ஜோடி ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய முறையில் முழு மூன்றாம் செட் ஆடினால் அவர்கள் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 81 சதவீதம். 10 புள்ளி டை-பிரேக்கில் அது 68 சதவீதமாக இறங்கிவிடுகிறது. புள்ளிகள் குறையக் குறைய, திறமை தன்னைக் காட்டிக்கொள்ளும் அவகாசமும் குறைகிறது. நல்ல ஜோடிக்கு இது இழப்பு. கீழ்வரிசையிலிருந்து வரும் ஜோடிக்கு இதுதான் ஜன்னல்.

அந்த ஜன்னல் வழியாக நுழைந்தவர்கள் பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானியும் லாரா பிகோசியும். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்டெஃபானியின் இரட்டையர் எண் 23, பிகோசியின் எண் 190. தொகை 213. போட்டி தொடங்கச் சில நாள்களே இருந்தபோதுதான் அவர்களுக்கு இடம் உறுதியானது. வெண்கலப் பதக்க ஆட்டத்தில் எதிரே ரஷ்ய வீராங்கனைகள் வெரோனிகா குதெர்மெத்தோவாவும் எலினா வெஸ்னினாவும். செட்கள் 1-1. டை-பிரேக்கில் 5-9 என்று பின்தங்கி, நான்கு மேட்ச் பாயிண்டுகளை, அதாவது ஒன்றை இழந்தாலும் ஆட்டமே போய்விடும் புள்ளிகளைத் தாண்டி, தொடர்ந்து ஆறு புள்ளிகளை எடுத்து 11-9 என்று வென்றார்கள். ஒலிம்பிக் டென்னிஸில் பிரேசிலுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

ஆனால் அந்த ஒலிம்பிக்கில் தரவரிசைப் புள்ளிகள் வழங்கப்படவில்லை. வெண்கலத்துக்காக பிகோசியின் கணக்கில் ஒரு புள்ளிகூடச் சேரவில்லை.