வளைவில் வந்து பேசுகிறவர் யார்?

பூம்பாறையிலிருந்து வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு லோடு அடிக்கும் ஓட்டுநர் ஒருவர் கேட்டிருக்கிறார். வண்டி பழைய லாரி, அதில் ரேடியோ மட்டும்தான் உண்டு. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். கருவி ஒன்றை வாங்கி, போனில் உள்ள பாட்டை அதன் வழியாக ரேடியோவில் கேட்கிறார். ஊரில் அருமையாகப் பாடுகிறது. கொடைக்கானல் தாண்டி மலையடிவாரத்துக் காட்ரோடு பக்கம் இறங்கும்போது, டம்டம் பாறைக்கு அருகே ஒரு வளைவில் பாட்டு சட்டென்று நின்று யாரோ பேசுகிறார்கள். இரைச்சல் இல்லை, இரண்டும் கலந்து கேட்பதும் இல்லை. பாட்டு இருந்த இடத்தில் பேச்சு இருக்கிறது. அடுத்த வளைவில் பாட்டு திரும்பி வந்துவிடுகிறது. அங்கே முன்பு ஒரு விபத்தில் ஆள் போயிருக்கிறார், அவர்தான் பேசுகிறார் என்பது கிளீனரின் முடிவு. முன்னால் கட்டியிருக்கும் எலுமிச்சம்பழத்தை உடனே மாற்றச் சொல்கிறாராம்.

பழத்தை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பிரேக்கையும் அதே அக்கறையோடு பார்க்கிறவரை. ஆனால் அங்கே பேசுகிறவருக்கு உயிர் இருக்கிறது. மதுரையிலோ திருச்சியிலோ ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து சம்பளமும் வாங்குகிறார்.

அந்தக் கருவி ஒரு குட்டி வானொலி நிலையம். போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டை வாங்கி, 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் நாம் சொல்லும் எண்ணில் திரும்ப ஒலிபரப்புகிறது. எஃப்.எம். என்றால் அலையின் உயரம் மாறாது, அதிர்வெண்தான் பாட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும், அதிகபட்சம் 75 கிலோஹெர்ட்ஸ் இந்தப் பக்கம், 75 அந்தப் பக்கம். இதுவரை பள்ளியில் படித்ததுதான்.

கேள்வியின் ருசி வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் பாடினால் இரண்டும் சேர்ந்துதானே கேட்க வேண்டும்? பழைய மீடியம் வேவ் ரேடியோவில் அப்படித்தான் கேட்கும். ராத்திரியில் ஒரு செய்தியும் ஒரு கச்சேரியும் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் ஒரு விசிலோடு வரும். எஃப்.எம்.மில் ஏன் ஒன்று மட்டும் வருகிறது?

எஃப்.எம். ரிசீவர் தனக்கு வரும் அலையின் உயரத்தை முதலில் வெட்டிச் சமமாக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு அது செய்யும் வேலை ஒன்றே ஒன்று: அலை நொடிக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுவது. இரண்டு அலைகள் சேர்ந்து வந்தால் எண்ணிக்கை என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

கோயில் பிராகாரத்தை அப்பா சுற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனையில் மகன். பையன் சும்மா வருவானா? கயிறு விறைக்க, அப்பாவைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே வருகிறான். நாம் பார்ப்பது பையனை மட்டும். அவன் சாமியை எத்தனை சுற்று சுற்றினான்? அப்பாவுக்கும் சாமிக்கும் உள்ள தூரத்தைவிடக் கயிறு கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் போதும், அப்பா எத்தனை சுற்றோ பையனும் அத்தனை சுற்றுதான். அவன் ஆட்டமெல்லாம் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்ற தள்ளாட்டமாகக் கழிந்துவிடும், ஒரு முழுச் சுற்றாகச் சேராது. இப்போது கயிற்றை அந்தத் தூரத்தைவிடச் சற்றே நீளமாக்குங்கள். கணக்கு மொத்தமாகக் கவிழ்கிறது. சாமியைச் சுற்றிய எண்ணிக்கை பையனுடைய ஓட்டத்தின் எண்ணிக்கை ஆகிவிடுகிறது, அப்பாவின் சுற்று வெறும் தள்ளாட்டமாகிவிடுகிறது.

அப்பாவின் தூரம் ஓர் அலையின் வலு, கயிற்றின் நீளம் இன்னோர் அலையின் வலு. எது பெரிதோ அதன் எண்ணிக்கை முழுதாக ஜெயிக்கிறது; சின்னதன் தள்ளாட்டத்தில் பெரும்பகுதி காதுக்கு எட்டாத வேகத்தில் இருப்பதால் வடிகட்டியில் போய்விடுகிறது. நல்ல ரிசீவருக்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வலு வித்தியாசம் போதும். இதற்குக் கேப்சர் விளைவு என்று பெயர். எனக்கு இதில் பிடித்ததே இந்த ஈவிரக்கமின்மைதான். தோற்றவன் முணுமுணுப்பாகக்கூடக் கேட்பதில்லை. விமானிகள் இன்றும் பேச்சுக்கு, மீடியம் வேவ் போல அலையின் உயரத்தில் சேதியை ஏற்றும் ஏ.எம். முறையையே வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழைத்தால் கட்டுப்பாட்டு அறைக்கு அது தெரிந்தாக வேண்டும், எஃப்.எம். என்றால் பலவீனமானவர் அழைத்ததே தெரியாமல் போகலாம்.

சரி, மலைக்கு வருவோம். இந்தக் கருவிகளுக்கு ஐரோப்பாவில் உச்ச வரம்பு 50 நானோவாட். உங்களுடையதும் அந்த ரகம் என்று வைத்துக்கொண்டு, 10 கிலோவாட் நிலையம் ஒன்றோடு மோதவிடுவோம். வலு 20,000 கோடி மடங்கு வித்தியாசம். தூரம் இரட்டித்தால் வலு நாலில் ஒன்றாகும் என்ற விதிப்படி, ரேடியோவின் ஏரியலிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும் கருவியும், தடையே இல்லாமல் சுமார் 450 கிலோமீட்டரில் இருக்கும் அந்த நிலையமும் சமம். கொடைக்கானலிலிருந்து மதுரை நேர்கோட்டில் 80 கிலோமீட்டர்கூட இல்லை. அப்படியானால் உங்கள் பாட்டு எங்கேயும் கேட்கவே கூடாது! கேட்கிறதென்றால் நடுவில் மலை நிற்பதால்தான். எஃப்.எம். அலை கிட்டத்தட்ட பார்வைக்கோட்டில் போவது. பூம்பாறை முகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. டம்டம் பாறைப் பக்கம் மஞ்சளாறு அணையும் கீழ்நாடும் விரிந்து தெரிகிற இடத்தில், கீழ்நாட்டு நிலையங்களுக்கும் உங்கள் ஏரியல் தெரிகிறது. கயிறு நீண்டுவிட்டது. அடுத்த வளைவில் பாறை மறைத்ததும் குட்டையாகிவிடுகிறது.

கொடைக்கானல் வானொலி 100.5-ல் இத்தனை மாவட்டங்களுக்குக் கேட்பதும் இதே சங்கதிதான். 2,000 மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் 160 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது.

இரண்டும் ஏறக்குறைய சம வலுவில் இருக்கும் இடம் இன்னும் வேடிக்கை. அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். பாறைச்சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் சேர்ந்து, ஒன்றரை மீட்டருக்கு ஒரு முறை வலுவும் நலிவுமாக மாறி மாறி நிற்கக்கூடும். லாரி இரண்டாவது கியரில் ஊர்ந்தால் பாட்டு, பேச்சு, பாட்டு, பேச்சு என்று படபடக்கும். ஆவி என்று நம்புவதற்கு இதைவிட நல்ல சூழல் அமையாது, ஒப்புக்கொள்கிறேன்.

இடையில் ஒன்று. அதிர்வெண் மாற்றத்தில் சேதி இருக்கிறது என்பதை இந்த மலை ஒலிபரப்புக்கு முன்பே பார்த்துவிட்டது. 1909-ல் கொடைக்கானல் வான்நோக்ககத்தில் எவர்ஷெட் என்ற வானியலாளர், சூரியப் புள்ளியின் நிறமாலைக் கோடுகள் துளி நகர்ந்திருப்பதை, அதாவது ஒளியின் அதிர்வெண் துளி மாறியிருப்பதை வைத்து, அங்கே வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். எஃப்.எம்.முக்கு எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கப் பொறியாளர் காப்புரிமை பெற்றது 1933-ல். சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்க எதற்குக் காசு என்று கேட்பவர்களை நானும் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்குக் காசு கொடுக்காமல் இருந்தால் நல்லது.

இனி செய்ய வேண்டியது. காலி எண்ணை ஊரில் தேடாதீர்கள். டம்டம் பாறையில் வண்டியை ஓரங்கட்டி, கருவியைப் பிடுங்கிவிட்டு, ரேடியோவில் வெறும் இரைச்சல் வரும் எண்ணைத் தேடுங்கள். அதுதான் நிஜமாகவே காலி. 100.5 பக்கம் போகவே வேண்டாம். போனில் சத்தத்தைக் கூட்டி ரேடியோவில் குறைத்து வையுங்கள். அதிர்வெண் ஊசல் அகலமாகி இரைச்சல் அடங்கும். லாரி பேட்டரி 24 வோல்ட் என்றால் கருவி அதைத் தாங்குமா என்று பெட்டியில் பாருங்கள், 12-க்கு மட்டுமான மலிவுச் சரக்கும் விற்கிறார்கள். பாட்டு மாற்றுவது கிளீனர் வேலையாக இருக்கட்டும்.

அவருக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், அங்கே நிற்கும்போதே கருவியைப் பிடுங்கிவிட்டு ரேடியோவைப் பழைய எண்ணிலேயே ஓடவிடுங்கள். பேச்சு நிற்காது. கொஞ்ச நேரத்தில் ஒரு நகைக்கடை விளம்பரமும் வரும்.