‘டெப்த் பத்தல ப்ரோ’

போன ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு இருபது வயதுக்குள் இருக்கும். பெயரைக் கேட்டேன். வாயைத் திறக்காமல் போனில் தட்டிக் காட்டினான்: ‘பாடிட்டே இருந்தேன், நடுவுல கட் ஆயிடுச்சு.’

பேசியதெல்லாம் அம்மாதான். “இன்னான்னே புரியல மேடம். ராத்திரி பன்னெண்டு மணிக்கு மொட்டமாடில நின்னுக்கினு பாடுறான். பாட்டு இங்கிலீஷு. சாவு வூட்ல எங்க மாமனாரு பாடுவாரு, அவரு கூட இவ்ளோ சோகமா பாட மாட்டாரு.”

மாமனார், டேப் என்னும் கைமேளத்தைத் தட்டி மரண கானா பாடுகிறவர். பேரன் பாடுவது கோத்திக் ராக்.

நான் பெரம்பூரில் பேச்சு, குரல் சிகிச்சை செய்கிறேன். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர்கள், அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கத்தும் டீச்சர்கள், விடிய விடியப் பாடும் கானாக்காரர்கள், ராயபுரம் பக்கத்து சர்ச் பாடகர் குழுவினர் எனத் தொண்டையை வைத்துப் பிழைப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். கொஞ்ச நாளாக இந்தப் புது வகையும் வருகிறது. (இங்கே எழுதியிருக்கும் ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோத்திக் ராக் 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய இசை. நார்தாம்ப்டனின் பௌஹவுஸ் குழு 1979இல் வெளியிட்ட முதல் பாட்டே ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். அடுத்த வருடம் லீட்ஸ் நகரத்தில் தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி தொடங்கியது. அவர்களுக்கு டிரம்மரே கிடையாது, மெஷின்தான். பேஸ் கிட்டார் முன்னால் நிற்கும், எல்லாவற்றின் மேலும் எதிரொலி படர்ந்திருக்கும், அதற்கு நடுவே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு கட்டைக் குரல். பாட்டில் சாவும் இருட்டும்தான் விஷயம். சாவு வீட்டுப் பந்தலில் இரவெல்லாம் கானா கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது ஒட்டிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அவன் ஒரு பாட்டைப் பாடி, போனில் பதிவு செய்து, நண்பர்களுக்கும் முகம் தெரியாத ரசிகர்களுக்கும் போட்டிருக்கிறான். திட்டியவர்கள் இருந்தார்கள். ‘ஒரிஜினலைக் கொன்னுட்ட’ என்றார் ஒருவர். அதையெல்லாம் அவன் சட்டை செய்யவில்லை. கானா வீட்டுப் பையன், கலாய்க்கு அசர மாட்டான். அவனைப் படுக்க வைத்தது பிரியமாகச் சொன்ன ஒரு ரசிகர்: ‘சூப்பர் ப்ரோ, ஃபீல் இருக்கு, ஆனா டெப்த் பத்தல.’ நல்ல மனதோடு சொன்னது. அதனால்தான் உள்ளே இறங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து ஆழத்தைத் தேடினான். அந்தப் பாட்டு அவனுடைய அடிமட்டத்துக்கும் இரண்டு சுரம் கீழே ஓடுவது. தாடையை நெஞ்சோடு சேர்த்து, நாக்கின் அடியை அமுக்கி, குரல்வளையை வலுக்கட்டாயமாகக் கீழே தள்ளி, அதன் மேல் மூச்சை முழு வேகத்தில் இடித்தான். தினமும் இரண்டு மணி நேரம், மூன்று வாரம். தொண்டை கரகரத்தபோது ‘செட் ஆவுது’ என்று சந்தோஷப்பட்டானாம்.

ஈ.என்.டி. டாக்டர் கேமரா விட்டுப் பார்த்ததில், ஒரு குரல்நாணில் ரத்தம் கசிந்து சிவந்து கிடந்தது. நாணின் மெல்லிய தோலுக்குக் கீழே ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய் ஒன்று வெடித்திருக்கிறது. பாடிக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்சை அணைத்த மாதிரி குரல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அதன் மேலேயே பாடினால் தழும்பு விழும். தழும்பு விழுந்த நாணைப் பழையபடி ஆக்குவது எங்கள் தொழிலில் மிகக் கஷ்டமான வேலை. டாக்டர் ஏழு நாள் முழு மௌனம் சொன்னார். கிசுகிசுக்கவும் கூடாது, அழுத்திக் கிசுகிசுப்பதும் நாணுக்கு வேலைதான். அக்கம்பக்கத்தில் மௌன விரதம் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார் அம்மா.

ஆண்களின் சாதாரணப் பேச்சில் குரல்நாண்கள் நொடிக்கு 100 முதல் 130 தடவை அதிர்கின்றன. பெண்களுக்கு 200ஐ ஒட்டி வரும். கீழ் சுரத்துக்கு இறங்க இறங்க நாண் குட்டையாகி, தடித்து, தளர்ந்துவிடும். தளர்ந்த நாணில் சத்தம் குறைவாகத்தான் வரும். அது உடம்பின் கட்டுமானம், சாதகத்தால் ஓரளவுதான் நகரும். கீழேயும் போக வேண்டும், சத்தமும் வேண்டும் என்று இடித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்தக் கேமராவில் பார்த்தோம்.

அப்படியானால் ஒரிஜினலில் மட்டும் அந்த ஆழம் எப்படி வந்தது? பாடகருக்கு இயற்கையிலேயே கட்டைக் குரல் என்பது பாதிக் கதை. ஸ்டுடியோ மைக்குகளில் பலவற்றுக்கு ஒரு குணம் உண்டு: வாயை மிக அருகில் கொண்டுபோனால் கீழ் ஒலிகள் தாமாகவே பெருகும். மெதுவாக, கிட்டத்தட்டப் பேசுகிற அளவில் பாடினால் போதும், மலை போலக் கேட்கும். பிறகு எதிரொலி சேர்ப்பார்கள். நாம் கேட்டு மயங்கும் ஆழத்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் செய்தது.

நம் பையனோ போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நான்கடி தள்ளி நின்று பாடுகிறான். கேட்பவரும் போன் ஸ்பீக்கரில்தான் கேட்கிறார். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 200 அதிர்வுக்கு, கீழே பெரிதாக எதுவும் வராது. பையன் பாடும் கீழ் சுரமோ 90 ஹெர்ட்ஸ். அவன் உண்மையிலேயே ஆழமாகப் பாடினாலும் அந்த ஆழத்தின் கனம் ஸ்பீக்கருக்குள்ளேயே தங்கிவிடும். ரசிகர் பொய் சொல்லவில்லை, அவருக்குக் கேட்கவில்லை. கேட்காத ஒன்றுக்காக ஒருவன் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறான்.

இதில் ரசிகர்களின் காதும் எவ்வளவு ஏமாறும் என்பதற்கு ஒரு கதை உண்டு. பெரம்பூரிலேயே ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் ஒருவர், காது பரிசோதனைக்காக வருவார். எண்பதுகளில் பர்மா பஜாரில் வாங்கிய கேசட்டுகளில் இந்தப் பாட்டுகளைக் கேட்டவர். இப்போது பசங்க மறுபடி பாடிப் போடும் கவர் எதைக் கேட்டாலும் “காது கூசுதும்மா, யாரும் அந்த அளவுக்குக் கீழ போக மாட்டேங்கிறாங்க” என்பார். ஒருநாள் மகள் ஒரிஜினலையே போட்டுக் காட்டியிருக்கிறார். அதுவும் அவருக்கு மேலேதான் கேட்டதாம். யோசித்துப் பார்த்ததில் புரிந்தது: அவருடைய டேப் ரெக்கார்டர் எப்போதும் பாதி தீர்ந்த பேட்டரியில் ஓடியது. டேப் மெதுவாக ஓடினால் குரல் இறங்கும். இத்தனை வருடமாக யாருமே பாடாத ஒரு குரலை மனதில் வைத்துக்கொண்டு எல்லாரையும் அளந்திருக்கிறார். சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

‘ஒரிஜினலைத் தொடாதே’ என்று பொங்குகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பௌஹவுஸ் குழு 1982இல் பிரிட்டன் தரவரிசையில் 15ஆம் இடத்துக்குப் போனது டேவிட் போவியின் பாட்டைப் பாடி. அதே வகை சூசி அண்ட் தி பான்ஷீஸ் குழு 1983இல் 3ஆம் இடத்தைத் தொட்டது பீட்டில்ஸின் பாட்டைப் பாடி. சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி, டாலி பார்ட்டனின் கன்ட்ரி பாட்டையே மேடையில் பாடியிருக்கிறார்கள். தங்கள் தொண்டைக்கு ஏற்றபடிதான் பாடினார்கள். தி க்யூர் குழுவின் பாடகருக்குக் கட்டைக் குரலே கிடையாது, அவரை இந்தக் கோத்திக் உலகத்திலிருந்து யாராவது தள்ளிவைத்தார்களா?

இன்னொருத்தி, ராயபுரம் பக்கத்துக் கல்லூரி மாணவி. சர்ச்சில் ஐந்து கட்டை சுருதியில் அழகாகப் பாடுகிறவள். வீடியோவில் மட்டும் ஆண் பாடகர்களின் சுருதியிலேயே இறங்கிப் பாடுவாள். ஏற்றினால் ‘பொண்ணு மாதிரி இருக்கு’ என்பார்களாம். (பொண்ணு பாடினால் வேறு எப்படி இருக்கும்?) இரண்டு நாண்களிலும் எதிரெதிரே சின்ன முடிச்சு. முடிச்சு என்றதும் ஆபரேஷன் என்று பயந்து அழுதாள். இந்த வகை முடிச்சுகளில் பெரும்பாலானவை பயிற்சியிலேயே கரையும். அவளுக்கும் இரண்டு மாதத்தில் கரைந்தது.

அவளுக்குக் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று ஸ்ட்ரா. டம்ளரில் பாதி தண்ணீர், அதில் ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரல்கடை மூழ்கட்டும், வாயில் வைத்து ‘ஊ’ என்று குமிழி விட்டுக்கொண்டே ஏறி இறங்க வேண்டும். எதிர்த்துத் திரும்பும் காற்று நாண்கள் ஒன்றோடொன்று மோதும் வேகத்தைக் குறைக்கும். பாடும் முன் ஐந்து நிமிடம் செய்யலாம். ரத்தக் கசிவு இருப்பவர்கள் டாக்டர் சொல்லும் வரை செய்யக் கூடாது.

பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். சாப்பிடுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடாது; அது உணவுக்குழாய்க்குப் போகிறது, நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். ஆவி பிடித்தால் அந்த ஈரம் போய்ச் சேரும். தண்ணீர் குடித்தால் உடம்பு வழியாகச் சேரும். பதிவு முடிந்து ராத்திரி ஒரு மணிக்கு பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் புளித்த அமிலம் மேலேறி வந்து நாணைச் சுடும், இது வடசென்னையில் நான் தினமும் சொல்லும் வசனம்.

கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். புகைபிடிக்கிறவர்களும் புகையிலை போடுகிறவர்களும் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். விழுங்கினால் வலி, கழுத்தில் கட்டி, சளியில் ரத்தம், மூச்சுத் திணறல் இருந்தால் உடனே. பாட்டின் நடுவில் குரல் அறுந்தால் அன்றைக்கே வாயை மூடிக்கொண்டு கிளம்புங்கள். தலைவலி, உடம்புவலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் போட்டுக்கொண்டு உச்சத்தில் பாடாதீர்கள், ரத்தக் கசிவு வாய்ப்பு கூடும்.

ரசிகர்களே, ‘டெப்த் பத்தல’ என்று சொல்லத் தோன்றினால் ‘சுருதியை ஏத்திப் பாடிப் பாரு’ என்று சொல்லுங்கள். ‘மைக் கிட்ட போ’ என்று சொல்லுங்கள். கூட ஓரிரு வார்த்தைதான், தட்டவும் சுலபம்.

வியாசர்பாடிப் பையன் இப்போது பேசுகிறான், பாடுகிறான். பாட்டைத் தன் குரலுக்கு ஏற்ற சுருதிக்கு ஏற்றி, கடன் வாங்கிய மைக்கில் பதிவு செய்திருக்கிறான். ஒரு பாட்டை மட்டும் இன்னும் பழைய சுருதியிலேயே பாடுகிறான் என்று அம்மா போட்டுக்கொடுத்தார். எனக்கு அதில் சம்மதமில்லை, சொல்லியும் விட்டேன். போன வாரம் வந்தவன் கிளம்பும்போது கதவருகே நின்றான்.

“மேடம், வர ஞாயித்துக்கெழம எங்க மாமாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். தாத்தாவோட நானும் பாடணும். எவ்ளோ நேரம் பாடலாம்?”

“மைக் இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“இருபது நிமிஷம் பாடு. அப்புறம் தாத்தா பாடட்டும், நீ டேப் அடி.”