கரந்துறை தொற்று: குருதிக்கொடையும் ஹெபடைடிஸ் பி வைரசும்

குருதி வங்கி சார்ந்த மருத்துவக் கட்டுரைகளில் ‘அக்கல்ட் ஹெபடைடிஸ் பி’ என்னும் தொடர் அடிக்கடி வருகிறது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இதில் ஹெபடைடிஸ் என்பதன் பொருளில் சிக்கல் இல்லை. கல்லீரலைக் குறிக்கும் ‘ஹேபர்’ என்னும் கிரேக்கச் சொல்லோடு அழற்சியைக் குறிக்கும் ஈறு சேர்ந்து உருவான அதற்குக் கல்லீரல் அழற்சி என்பதே நேரான தமிழ். பேச்சு வழக்கில் மஞ்சள் காமாலை என்கிறோம். ஆனால் காமாலை ஓர் அறிகுறி மட்டுமே. இங்கே பேசப்படும் தொற்றில் அந்த அறிகுறி பெரும்பாலும் தோன்றுவதே இல்லை என்பதால், ‘காமாலை வந்ததுண்டா?’ என்ற கேள்விக்குக் கொடையாளர் உண்மையாகவே ‘இல்லை’ என்று சொன்னாலும் அவர் குருதியில் வைரசு இருக்கக்கூடும்.

கவனம் வேண்டியது ‘அக்கல்ட்’ என்னும் அடைமொழிக்குத்தான். மறைக்கப்பட்டது, மூடப்பட்டது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இது வந்தது. பொது ஆங்கிலத்தில் மாந்திரீகத்தைக் குறிக்கும் சொல்லாக அது திரிந்துவிட்டாலும், மருத்துவம் பழைய பொருளையே காத்துவருகிறது.

எதிலிருந்து மறைந்திருக்கிறது என்று கேட்டால்தான் பொருள் தெளிவாகும். அமெரிக்க மருத்துவ அறிஞர் பரூக் புளூம்பெர்க் 1965-இல் ‘ஆஸ்திரேலிய ஆன்டிஜென்’ (ஆன்டிஜென் என்பது உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பொருள்) என்று அறிவித்த புரதம் இவ்வைரசின் மேலுறையைச் சேர்ந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று; 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த மேற்பரப்பு ஆன்டிஜெனைத் தேடுவதே உலகெங்கும் கொடைக்குருதியில் இவ்வைரசுக்கான அடிப்படைச் சோதனை. 2008-இல் இத்தாலியின் தாவோர்மீனா நகரில் கூடிய வல்லுநர்களின் வரையறைப்படி, அந்த ஆன்டிஜென் சோதனையில் தென்படாத ஒருவரின் கல்லீரலில் வைரசின் டி.என்.ஏ. இருப்பதே அக்கல்ட் தொற்று. குருதியில் அது தென்படலாம், தென்படாமலும் போகலாம். தென்பட்டாலும் வழக்கமாக மில்லிலிட்டருக்கு 200 பன்னாட்டு அலகுக்குக் குறைவாகவே இருக்கும். கல்லீரல் உயிரணுவின் கருவுக்குள் வட்ட வடிவில் மூடிய டி.என்.ஏ.வாக வைரசு தங்கிவிடுவதும், உடலின் எதிர்ப்பாற்றல் அதை அடக்கிவைப்பதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

இதற்கு ‘மறைந்த தொற்று’ என்று எழுதுவது ஆபத்தானது. தமிழில் ‘மறைந்த’ என்பது இல்லாமற்போனதையும் குறிப்பதால், தொற்று நீங்கிவிட்டது என்று நேரெதிராகப் படிக்க இடமுண்டு. ‘மறைமுகத் தொற்று’ பரவும் வழியைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. ‘உள்ளுறை’ நல்ல சொல்தான்; ஆனால் உள்ளுறை வெப்பம் போன்ற வழக்குகளில் அது ‘லேட்டன்ட்’ என்னும் வேறோர் ஆங்கிலச் சொல்லுக்கு ஏற்கெனவே வாய்த்துவிட்டது. என் தேர்வு ‘கரந்துறை தொற்று’. ஒரு செய்யுளுக்குள் வேறொரு செய்யுளை ஒளித்துவைக்கும் சித்திரகவி வகைக்குக் கரந்துறை என்னும் பெயர் உண்டு. ‘கரத்தலும் ஆற்றேன்இந் நோயை’ என்னும் குறள் அடியில் (1162) கரத்தல், அதாவது ஒளித்தல், நோயோடு சேர்ந்தே வருகிறது. அங்கே அது காதல் நோய். கரந்து என்பது சோதனைக்குத் தப்புவதையும், உறை என்பது கல்லீரலில் தங்குவதையும் சொல்லிவிடுவதால் வரையறையின் இரு பாதிகளும் சொல்லுக்குள் அடங்குகின்றன. வினைத்தொகை ஆதலால் இடையில் ‘த்’ மிகாது.

‘சாளரக் காலம்’ என்பதோடு இதைக் குழப்பக் கூடாது. அது புதிதாகத் தொற்றியவரிடம் ஆன்டிஜென் தென்படுவதற்கு முந்தைய குறுகிய காலம். கரந்துறை தொற்றோ ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடியது.

இதைக் கண்டறிய இரு வழிகள் உண்டு. வைரசின் உட்கருப் புரதத்துக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடுவது ஒன்று. அமெரிக்கா 1980-களின் பிற்பகுதியிலிருந்து இதைச் செய்கிறது. தொற்று பரவலாக உள்ள நாடுகளில் இச்சோதனையை மட்டும் நம்பினால், என்றோ தொற்றி மீண்ட பலரையும் சேர்த்து விலக்கிவிட்டுக் குருதித் தட்டுப்பாட்டில் தவிக்க நேரும். மற்றொன்று டி.என்.ஏ.வையே தேடும் நியூக்ளிக் அமிலச் சோதனை, சுருக்கமாக ‘நாட்’. பலருடைய மாதிரிகளை ஒன்றாகக் கலந்து சோதித்தால் செலவு குறையும், ஆனால் ஏற்கெனவே சொற்பமான டி.என்.ஏ. மேலும் நீர்த்துப்போகும், ஆகவே கரந்துறை தொற்றைப் பிடிக்கத் தனித்தனியாகச் சோதிப்பதே மேல். இந்தியாவில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகப்புண், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதனை கட்டாயம். நாட் சோதனை கட்டாயமாக்கப்படவில்லை. குருதியின் நீர்மப் பகுதியான பிளாஸ்மா மிகுதியாக உள்ள குருதிக்கூறுகள் வழியே மிகச் சிறிய அளவு வைரசும் பெறுபவருக்குத் தொற்றக்கூடும் என்பதால், இந்த இடைவெளி எனக்குக் கவலை தருகிறது.

ஆன்டிஜென் இல்லை, டி.என்.ஏ. உண்டு என்று முடிவு வந்த கொடையாளரிடம் பேசும்போதும் இச்சொல் உதவும். அவர் நலமாகவே இருக்கலாம். ஆனால் குருதி கொடுக்கக் கூடாது. பின்னாளில் புற்றுநோய்க்கான மருந்தோ எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்தோ எடுக்க நேர்ந்தால் வைரசு மீண்டும் கிளர்ந்தெழக்கூடும் என்பதால், சிகிச்சை தொடங்கும் முன்பே தமக்குக் கரந்துறை தொற்று இருப்பதை அவர் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.