வெங்காயம் வதங்கும் வாசனை

"அடுப்படிக் கதவைச் சாத்தாமல் சமையுங்கள்" என்றுதான் அந்த மகளிடம் முதலில் சொன்னேன். உணவு ஆலோசகர் என்பதால் ஏதாவது சத்துமாவு எழுதிக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். அம்மா போனதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, ஆள் இளைத்துக்கொண்டே போகிறார் என்பது அவர் கவலை. மருத்துவர் பரிசோதித்து, நோய் எதுவும் இல்லை என்று சொல்லித்தான் என்னிடம் அனுப்பியிருந்தார்.

பெரியவரிடம் பேச்சுவாக்கில், "முன்னாடி உங்க வீட்டம்மா சமைக்கும்போது நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்டேன். "பக்கத்துலதான். வெங்காயம் நான்தான் நறுக்கிக் குடுப்பேன்" என்றார். சொல்லும்போதே வலது கை லேசாக அசைந்தது. மகள் வீட்டில் அவருக்கு எந்த வேலையும் கிடையாது. மரியாதைக்காகத்தான் வைப்பதில்லை. புகை வரக்கூடாதென்று அடுப்படிக் கதவையும் சாத்திவிடுவார்கள். நேரமானதும் மூடி போட்ட தட்டு அவர் அறைக்கு வந்துவிடும்.

மூன்று வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். "பொன்னிறமா வதங்கணும்மா, இவ அவசரப்பட்டு இறக்கிடறா" என்று மகள்மேல் புகார் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி! பழைய அளவுக்குச் சாப்பிடவில்லை, ஆனால் எடை குறைவது நின்றிருந்தது.

பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் மூளையில் தலாமஸ் என்ற பகுதி வழியாகத்தான் மேலே போகும். வாசனைக்கு அந்தச் சுற்று தேவையில்லை. உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் முக்கியமான அமிக்டலாவையும் ஹிப்போகேம்பஸையும் அது குறுக்கு வழியில் எட்டிவிடுகிறது. ருசி என்று நாம் சொல்வதிலும் பெரும்பங்கு வாசனைதான். மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிற வாசனை அது. சளி பிடித்தால் சாப்பாடு சப்பென்று ஆவது அதனால்தான். 80 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு மோப்பத் திறன் நன்றாகவே குறைந்திருக்கும். "எதிலும் ருசி இல்லை" என்று அவர்கள் சொன்னால் வீட்டில் உப்பைக் கூட்டுகிறார்கள். ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு அது கெடுதல். பூண்டைக் கொஞ்சம் கூடுதலாக வதக்குங்கள், இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள், சூடு ஆறுவதற்குள் பரிமாறுங்கள். ஒன்று மட்டும் கவனம்: முயற்சி செய்யாமலே ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அல்லது வாசனை திடீரென்று தெரியாமல் போனால், முதலில் மருத்துவரிடம் போங்கள்.

உணவு ஞாபகம் எல்லாமே இனிமையானதும் இல்லை. கேரட்டைக் கண்டாலே எழுந்து ஓடுகிற ஏழு வயதுப் பையன் ஒருவனை "பிடிவாதம்" என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள். தோண்டித் துருவிக் கேட்டபோது விஷயம் வந்தது. முந்தின வருடம் காய்ச்சலோடு கேரட் சாப்பிட்டு, இரவெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறான். 1955-இல் ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் சகாக்களும் எலிகளிடம் கண்டது இதைத்தான். இனிப்புத் தண்ணீர் குடித்த நேரத்தில் கதிர்வீச்சு பட்டு உடம்பு நலிந்த எலிகள், அப்புறம் அந்தத் தண்ணீரைத் தவிர்த்தன. மனிதர்களுக்கும் ஒரே ஒரு அனுபவம் போதும். காரணம் காய்ச்சல்தான் என்று புத்திக்குத் தெரிந்தாலும் வயிறு ஒப்புக்கொள்ளாது. அதன்மேல் "ஒரே ஒரு வாய்" என்று திணித்தால், வாந்தி ஞாபகத்தோடு அழுத ஞாபகமும் சேர்ந்துகொள்ளும். பெற்றோர் இதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். என்ன உணவு, எப்போது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

சமையலில் கற்பனை என்றால் தட்டில் பூ செதுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். வேலைக்குப் போய்த் திரும்பி வருகிறவருக்கு அதற்கு ஏது நேரம்? நான் சொல்வது சின்ன விஷயம். பழகின சாப்பாடு அப்படியே இருக்கட்டும், ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: வெட்டும் விதம், ஒரு மணப்பொருள், அல்லது மொறுமொறுப்பாக மேலே ஏதாவது. எதை மாற்றுவது என்பதை வீட்டில் ஆளுக்கு ஒரு நாள் தேர்ந்தெடுக்கட்டும். குழந்தை புதிதாக ஒன்றை ஏற்க 8 முதல் 15 முறைகூட ஆகலாம். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது முறையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பையனுக்குச் சில மாதம் கேரட்டே வேண்டாம் என்றேன். பிறகு அம்மா அதைத் துருவி, தன் தட்டில் மட்டும் வைத்துக்கொண்டார். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சில நாள் கழித்து அவனே விரலால் கொஞ்சம் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறான். வேகவைத்த கேரட்டை இன்றைக்கும் தொடமாட்டான். துருவியது என்றால் சாப்பிடுகிறான். எலுமிச்சை பிழிவது அவன் வேலை.