அப்பாவுக்குக் கோபம் இல்லை, முகம்தான் அசையவில்லை

"வர வர இவர் முகம் கொடுத்தே பேசறதில்லை, டாக்டர்." பார்க்கின்சன் நோயாளிகளோடு வரும் மனைவிமார் கை நடுக்கத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லும் புகார் இதுதான். சில வீடுகளில் நடுக்கத்துக்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு என்மேல என்னம்மா கோபம்?" என்று கேட்பான். மருமகள் காபி கொண்டுவந்து வைத்தால் ஒரு சிரிப்பு கிடையாது. லிஃப்டில் வணக்கம் சொல்லிப் பார்த்த பக்கத்து ஃப்ளாட்காரர், மனுஷனுக்குத் தலைக்கனம் என்றே முடிவு கட்டியிருப்பார்.

அவருக்கோ உள்ளே சந்தோஷம்தான். அது முகம் வரை வந்து சேரவில்லை.

இதில் பார்க்கிறவர்களையும் குறை சொல்ல முடியாது. முகத்தில் நடக்கும் மிகச் சிறிய அசைவுக்கும் பதில் கொடுத்தே நம் மூளைக்குப் பழக்கம். ஒரு முகம் கண்ணில் பட்ட சுமார் 170 மில்லிநொடியிலேயே, அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாத நேரத்தில், அதற்கென்று ஒரு தனி மின் அலை மூளையில் எழுவதைக் கருவியில் பார்க்கலாம். அது யார் என்று அடையாளம் காண்பதில் மூளையின் அடிப்பக்கத்தில் உள்ள ஒரு பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த முகம் என்ன செய்கிறது, கண் எந்தப் பக்கம் போகிறது, உதட்டோரம் ஏறுகிறதா, புருவம் நெரிகிறதா என்று பார்ப்பது, காதுக்கு மேலே பக்கவாட்டில் ஓடும் ஒரு மடிப்பு. உள்ளே அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. எதிரில் இருப்பவரால் ஆபத்து உண்டா என்று எடைபோடுவதில் அதற்கும் பங்கு உண்டு.

இதெல்லாம் நமக்குத் தெரிந்தா நடக்கிறது? ஸ்வீடனில் உல்ஃப் டிம்பெர்க் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சிரிக்கும் முகத்தையோ கோபமான முகத்தையோ வெறும் 30 மில்லிநொடி காட்டி, உடனே சலனமில்லாத ஒரு முகத்தைக் காட்டி அதை மறைத்துவிட்டார்கள். முதல் படம் வந்து போனதே பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர்களுடைய தசைகளுக்குத் தெரிந்திருந்தது. சிரித்த முகத்துக்குக் கன்னத் தசையும், கோப முகத்துக்குப் புருவத் தசையும் லேசாக இயங்கின. கண்ணாடியில் பார்த்தால்கூடத் தெரியாத அளவு. மின்முனை ஒட்டியதால் பதிவானது.

ஆக, இரண்டு பேர் பேசும்போது இரண்டு முகங்களும் தங்களுக்குள் ஒரு பேச்சு நடத்திக்கொண்டிருக்கின்றன. ஒரு பக்கம் நின்றுவிட்டால் மறுபக்கம் தவித்துப் போகும். 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் செய்த சோதனையில், கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தை அசைக்காமல் குழந்தையைப் பார்க்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், ஒன்றும் நடக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிடும். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனைவியும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார். பேசிப் பார்க்கிறார், பிறகு சமையலறைக்குள் போய்விடுகிறார்.

குடும்பத்தில் பெரிய குழப்பத்தை உண்டாக்கும் விஷயம் ஒன்று உண்டு. "போட்டோக்காரர் சொன்னா சிரிக்கிறார், டாக்டர். நாங்க பேசினாத்தான் சிரிப்பு வரலை." வேண்டுமென்றே செய்கிறார் என்பதற்கு இதைச் சாட்சியாகச் சொல்வார்கள். உண்மையில் இது நோயின் அடையாளம். நாமாகச் சிரிப்பதற்கும், பேரன் செய்யும் குறும்பைப் பார்த்துத் தானாகச் சிரிப்பு வருவதற்கும் மூளையில் வழிகள் வேறு வேறு. பார்க்கின்சனில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதால் தானாக வரும் அசைவுகள்தான் அதிகம் அடிபடுகின்றன. நடக்கும்போது கை வீசுவது குறைகிறது, குரல் தணிகிறது, சிரிப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது முறை கண் சிமிட்டுவோம். அதுவும் குறைந்துவிடுவதால் மனுஷன் முறைப்பது போலவே இருக்கும்.

முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தருவதாக வரும் வீடியோக்களை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியான கணக்கின்படி, ஒருவர் சொல்வது பொய்யா மெய்யா என்று நாம் சரியாகச் சொல்வது சுமார் 54 சதவீதம்தான். காசு சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். மூளை முகத்தை வேகமாகப் படிக்கிறது என்பது உண்மை. சரியாகப் படிக்கிறது என்பது வேறு விஷயம்.

அதனால் வாயால் கேளுங்கள். "பிடிச்சிருக்கா?" "வலிக்குதா?" என்று நேராகக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்; பதில் மெதுவாகத்தான் வரும். மனச்சோர்வு இந்த நோயோடு அடிக்கடி சேர்ந்தே வருவது. முகத்தை மட்டும் பார்த்து அது இருக்கிறதென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. இன்னொன்று, நோயாளிகளில் பலருக்கு அடுத்தவர் முகத்தைப் படிப்பதும் சிரமமாகிறது. நீங்கள் களைத்துப்போயிருப்பதை அவர் கவனிக்கவில்லை என்றால், அக்கறை இல்லாமல் அல்ல. அதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

குறைந்த டோபமைனை ஈடுகட்டத் தரும் லெவோடோபா மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் சிலருக்கு முகமும் கொஞ்சம் இளகும். வீடியோ காலை அந்த நேரத்துக்கு மாற்றுங்கள், வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வையுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் போனால் குரலோடு முகத்துக்கும் பயிற்சி தருவார்கள். சம்பந்தி வீட்டாருக்கு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது, மறைத்துவிட்டுப் பிறகு சமாதானம் சொல்வதைவிட எவ்வளவோ மேல்.

இதுவரை சொன்னதெல்லாம் மெல்ல மெல்ல வரும் மாற்றம். திடீரென்று ஒரு பக்க வாய் கோணினால் அது பக்கவாதமாக இருக்கலாம். கூகுளில் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

முகம் எப்போதிலிருந்து இப்படி என்று நான் கேட்டால், வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரிவதில்லை. தினமும் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாதுதான். ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய கல்யாண வீடியோவோ பிறந்தநாள் வீடியோவோ இருந்தால் போனில் எடுத்து வாருங்கள்.