இவோனின் கண்ணீர்

1942-இல் வந்த ‘காசாபிளாங்கா’ என்ற ஹாலிவுட் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு ஹம்ஃப்ரி போகார்ட், இங்க்ரிட் பெர்க்மன் என்றுதான் போகும். போகட்டும். நான் ஒவ்வொரு முறையும் காத்திருப்பது இவோன் என்ற சின்னப் பாத்திரத்தின் முகம் திரையை நிறைக்கும் சில விநாடிகளுக்காக.

கதாநாயகன் ரிக்கின் (போகார்ட்) விடுதியில் ஜெர்மன் அதிகாரிகள் பியானோவைச் சூழ்ந்து நின்று தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள். அதைப் பொறுக்காத லாஸ்லோ என்ற நாஜி எதிர்ப்புப் போராளி, பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்கிறார். ரிக் லேசாகத் தலையசைக்கிறார். கூடமே எழுந்து பாடுகிறது. அப்போதுதான் இவோன் வருகிறாள். கன்னம் நனைந்திருக்கிறது, வாய் பாட்டை விடவில்லை, கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

இது ஏன் நம்மை இப்படிப் பிடித்துக்கொள்கிறது? முகத்துக்கு மூளையிலிருந்து கட்டளை வரும் வழி ஒன்றல்ல. நாமாக முகத்தை அசைப்பது ஒரு வழி, உணர்ச்சி தானாக அசைப்பது வேறு வழி. பக்கவாதம் வந்த சிலரிடம் இது தெளிவாகத் தெரியும். ‘சிரியுங்கள்’ என்றால் வாயின் ஒரு பக்கம் அசையாது. ஆனால் நல்ல ஜோக் ஒன்றைக் கேட்டால் இரண்டு பக்கமும் மலரும். இதற்கு நேர்மாறான நோயாளிகளும் உண்டு. உதட்டோரத்தை இழுக்கும் தசை நம் சொல்லைக் கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசை அவ்வளவு எளிதில் கேட்காது என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷென் 1862-லேயே எழுதிவிட்டார்.

கண்ணீர்ச் சுரப்பி இன்னும் பிடிவாதக்காரி. அது தன்னியக்க நரம்பு மண்டலத்தின் கீழ் இருப்பதால், கையை உயர்த்துவதுபோல ‘சுர’ என்று ஆணையிட முடியாது. நடிகர்கள் ஏதாவது நினைவைப் பிடித்துக்கொண்டு சுற்றுவழியில் போக வேண்டும், இல்லாவிட்டால் கிளிசரின்.

இவோனாக நடித்த மாடலின் லெபோவுக்குச் சுற்றுவழி அதிகம் தேவைப்பட்டிருக்காது. பாரிஸ்காரர். யூதரான கணவர் மார்செல் டாலியோவோடு 1940-இல் ஜெர்மன் படைக்குத் தப்பி, லிஸ்பன் வழியாகக் கடல் கடந்தவர். (டாலியோவும் இதே படத்தில் சூதாட்ட மேசையில் நிற்கிறார்.) படப்பிடிப்பு நடந்த 1942 கோடையில் பாரிஸ் இன்னும் ஜெர்மானியர் கையில்தான் இருந்தது. அவர் நடித்தாரா, அழுதாரா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அப்புறம் ஒளி. கண்ணீர் திரண்டால் கீழ் இமையோரம் ஒரு வளைந்த நீர்விளிம்பு உண்டாகும். அது விளக்கொளியைக் கண்ணாடிபோலத் திருப்பும். கறுப்பு வெள்ளைப் படத்தில் வண்ணத்தின் கவனச்சிதறல் இல்லை, கண் நேராக அந்த மினுக்கத்துக்குப் போகிறது.

ஆனாலும் பாதி வேலையைச் செய்வது நம் நினைவுதான். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் இவோன் ஒரு ஜெர்மன் அதிகாரியோடு உள்ளே வந்தாள். அதற்காக ஒரு பிரெஞ்சுக்காரன் அவளை ஏசினான். ஒரே முகத்தில் வெட்கத்தையும் மீட்சியையும் நாம் படிப்பதற்கு அந்த முன்கதைதான் காரணம். அந்தக் காட்சியை வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது தேசபக்தியில் அழும் ஓர் அழகான பெண், அவ்வளவுதான்.

அந்தக் கூடத்தில் எரிச்சலோடு நிற்கும் ஜெர்மன் அதிகாரி மேஜர் ஸ்ட்ராசரையும் பாருங்கள். அவராக நடித்த கான்ராட் ஃபைட்டும் நாஜிகளின் ஜெர்மனியை விட்டு யூத மனைவியோடு வெளியேறியவர்தான். அந்த முகத்தில் அது துளிகூடத் தெரியாது.