ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி ஏன் வெட்டி வெட்டிப் போகிறது?

ஐப்பசி, கார்த்திகை அடைமழை விட்டதும் கடலூர் மஞ்சக்குப்பத்துப் பட்டறைகளில் வழக்கமாகக் காதில் விழும் புகார் இது: “அண்ணே, ஆக்சிலரேட்டர் குடுத்தா வண்டி வெட்டி வெட்டிப் போகுது. மஞ்சள் இன்ஜின் லைட்டும் எரியுது.” இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்ததைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பி0302 என்று ஒரு குறி வரும். தீப்பொறி விடும் பிளக் செட், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயில் செட், சில இடங்களில் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரும் சேர்த்து எஸ்டிமேட் தயாராகிவிடும். பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துப் போனவர் அடுத்த மழைக்கு மறுபடி வந்து நிற்பார்.

ஸ்கேனர் சரியாகத்தான் சொல்கிறது. அது சொன்னதைத் தாண்டி நாம் படித்துவிடுகிறோம். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியத் தவறியது என்று மட்டுமே பொருள். பிளக் போய்விட்டது, காயில் போய்விட்டது என்றெல்லாம் அதில் இல்லை. சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்க இன்ஜின் கம்ப்யூட்டரால் முடியாது.

அப்புறம் எரியாதது அதற்கு எப்படித் தெரிகிறது? பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றுகிறது. பல வண்டிகளில் அதில் 60 பல்லுக்கு இடம் இருக்கும். 2 பல்லை வேண்டுமென்றே விட்டு 58 மட்டும் வைத்திருப்பார்கள். அந்த இடைவெளி, சுற்று எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளம். பல்லுக்குப் பல் 6 டிகிரி. எதிரே இருக்கும் சென்சார் வழியாக ஒவ்வொரு பல்லும் கடக்கும் நேரத்தைக் கம்ப்யூட்டர் அளந்துகொண்டே இருக்கிறது. 3000 ஆர்.பி.எம். வேகத்தில் ஒரு விநாடிக்கு 3000 பல் இடங்கள் அதைக் கடந்து போகும்.

கிராங்க் ஒரே சீராகச் சுற்றுவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் அது துளி வேகமெடுத்து, அடுத்தது எரியும்வரை துளி தளர்கிறது. நான்கு சிலிண்டர் வண்டியில் அரைச் சுற்றுக்கு ஒரு எரிதல். பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில். 3000 ஆர்.பி.எம்.மில் அந்த அரைச் சுற்றுக்கு 10 மில்லி விநாடி ஆகும். இரண்டாவது சிலிண்டரின் முறை வரும்போது மட்டும் அந்த நேரம் நீள்கிறது என்றால், அங்கே எரியவில்லை என்று கம்ப்யூட்டர் ஒரு புள்ளி வைத்துக்கொள்கிறது. நம் முதுகுக்குத் தெரியும் வெட்டும் இதே தளர்ச்சிதான். மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று தவறினாலே மூன்றில் ஒரு பங்கு இழுவை போய்விடும், அதனால் வெட்டு இன்னும் முரடாக இருக்கும். குண்டும் குழியுமான சாலையில் சக்கரம் அடி வாங்கும்போதும் கிராங்க் இப்படித் தடுமாறும் என்பதால், பல வண்டிகளில் சக்கர வேகத்தை அளக்கும் ஏ.பி.எஸ். பிரேக் சென்சார்களைப் பார்த்து அந்த நேரத்தில் எண்ணுவதையே நிறுத்தி வைக்கிறார்கள். எவ்வளவு நுணுக்கமான யோசனை!

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் கதையே வேறு. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று அதற்கு அர்த்தம். உள்ளே தேன்கூடு வடிவப் பீங்கானும், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சும் இருக்கின்றன. சூடு கட்டுமீறினால் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு காயிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பல்லாயிரம் ரூபாய்க்குப் போய்விடும். மின்னும்போது மிதிப்பதைக் குறைத்து, ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஆயில் விளக்கோ டெம்பரேச்சர் விளக்கோ சிவப்பில் எரிந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

சரி, எரியாததற்குக் காரணம் என்ன? நல்ல மெக்கானிக் ஸ்கேனரை எடுக்கும் முன் கேட்பது, “எப்போ சார் வெட்டுது?” என்றுதான்.

நிற்கும்போது அமைதியாக ஓடுகிறது, ஆல்பேட்டை பெண்ணையாற்றுப் பாலத்தை நான்காம் கியரிலேயே ஏறும்போதோ கன்னியக்கோயில் பக்கம் ஒரு லாரியை முந்தும்போதோ மட்டும் வெட்டுகிறது என்றால், முதல் சந்தேகம் தீப்பொறியின் மேல். மிதிக்கும்போது காற்று வழியில் இருக்கும் த்ராட்டில் என்ற கதவு திறந்து சிலிண்டருக்குள் நிறையக் காற்று போகிறது. பிஸ்டன் அதை அமுக்கும்போது அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட, பிளக் முனையில் இருக்கும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்ட இன்னும் பல ஆயிரம் வோல்ட் வேண்டியிருக்கும். காயிலைப் பிளக்கோடு இணைக்கும் ரப்பர் பூட்டில் விரிசல் இருந்தால், மின்சாரம் அந்தச் சிரமமே படாமல் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் ஊர்ந்து இன்ஜின் பாடிக்கு இறங்கிவிடும். அப்படிப்பட்ட பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பீங்கானில் பென்சிலால் கீறினாற்போல் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மேலிருந்து கீழே ஓடும். அது கரி. ஒருமுறை விழுந்துவிட்டால் அடுத்த பொறிக்கும் அதுவே பாதை. பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பூட்டையே மாட்டினால் புதுப் பிளக்கிலும் அந்தக் கோடு விழும்.

காயிலா பிளக்கா என்று கண்டுபிடிக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இன்ஜின் ஆறியபின், சாவியை அணைத்துவிட்டு, இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாட்டுங்கள். குறியை அழித்துவிட்டு அதே பாலத்தில் அதே கியரில் ஏறுங்கள். இப்போது பி0303 என்று வந்தால் குற்றவாளி காயில். பி0302 அப்படியே நின்றால் காயிலை விட்டுவிட்டு, பிளக்கை இதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் குறி நகரவில்லை என்றால்தான் வயரிங், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று உள்ளே போக வேண்டும்.

இந்தச் சோதனையில் நம் ஊருக்கே உரிய ஒரு கண்ணி உண்டு: உப்புக் காற்று. தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் வெட்டவெளியில் நிற்கும் வண்டிகளில் காயிலில் வயர் செருகும் கப்ளரைக் கழற்றினால், உள்ளே உலோக முனைகளில் பச்சை பூத்திருப்பதைப் பார்க்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட புயல் மழை வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இந்தப் பச்சை உடனே தொல்லை தராது, மாதங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். புதுக் காயில் மாட்டுவதற்காகக் கப்ளரை இழுத்துச் செருகும்போது பச்சை கொஞ்சம் உரசிப் போய், முனைகள் நன்றாகத் தொட்டுக்கொள்ளும். வண்டி சரியாகிவிடும். காயில்தான் கெட்டிருந்தது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். முனைகள் மறுபடி பூத்ததும் வெட்டும் திரும்பும். அதனால் எந்தப் பாகத்தையும் மாற்றும் முன் கப்ளரைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டுப் பழைய பாகத்தையே மாட்டிப் பாருங்கள் என்பேன்.

பி0171 என்ற குறி வந்தால் பிரச்சினை காற்றும் பெட்ரோலும் சேரும் கலவையில். 1 கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சுகிறதா என்று ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் சரிக்கட்டுகிறது. இந்தத் திருத்தத்துக்கு ஃப்யூல் ட்ரிம் என்று பெயர். சாதாரண ப்ளூடூத் ஸ்கேனரிலேயே போனில் பார்க்கலாம். கூட்டிக் கூட்டி எல்லைக்குப் போய்விட்டேன், இன்னும் போதவில்லை என்பதுதான் பி0171. இதற்குப் பலர் ஆக்சிஜன் சென்சாரையே மாற்றிவிடுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பெரும்பாலும் உள்ளதைச் சொன்ன சென்சார் அது.

எங்கே இடிக்கிறது என்று ட்ரிம்மே காட்டிக்கொடுக்கும். நிற்கும்போது பிளஸ் 20 சதவீதம், 2500 ஆர்.பி.எம்.மில் பிளஸ் 3 என்று இறங்கினால், ஏதோ ஓஸ் விரிந்து காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. இன்ஜின் மொத்தமாக இழுக்கும் காற்று கூடும்போது அந்த ஓட்டையின் பங்கு சிறுத்துவிடுவதால் இப்படி. எதிர்மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து மிதிக்கும்போது ஏறினால் பெட்ரோல் பம்ப்பையோ ஃபில்டரையோ பார்க்க வேண்டும். முதல் கணக்கு, காற்றை நேரடியாக அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் வண்டிகளுக்கே பொருந்தும். நம் சின்ன வண்டிகள் பலவற்றில் இருப்பது மேனிஃபோல்டு என்ற காற்றுக் குழாயின் அழுத்தத்தைப் பார்க்கும் எம்.ஏ.பி. சென்சார். அவற்றில் ஓஸ் விரிந்தால் ட்ரிம் அவ்வளவாக ஏறாது, ஐடிலிங்தான் கூடும் அல்லது ஆடும்.

விலை குறைவு என்று புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடைக்கு வந்து டேங்க்கை நிரப்பிப் போகும் கடலூர்க்காரர்கள், வண்டி வெட்டினால் முதலில் பெட்ரோலைத்தான் சந்தேகப்படுவார்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், கம்ப்யூட்டர் சில சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டியிருப்பது உண்மை. நல்ல நிலையில் உள்ள வண்டி அதைச் சமாளித்துக்கொள்ளும். ஏற்கெனவே எல்லையில் நின்ற வண்டிதான் அதனால் தாண்டிப் போகும். தண்ணீர் கலந்தால் மட்டும் நிலைமை மோசம்: எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து டேங்க்கின் அடியில் படியும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அப்போது வெட்டு ஒரு சிலிண்டரோடு நிற்காது. எல்லாம் மாறி மாறித் தவறி பி0300 வரும்.

மிதித்தும் இன்ஜின் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஏறவே மறுத்தால் அது வேறு வகை. ஆக்சிலரேட்டர் பெடலில் இரண்டு சென்சார்கள் உண்டு. அவை ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக வேகத்தைக் கட்டிப்போடும்.

விளக்கை அணைக்க பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டும் பழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள். விளக்கு எரிந்த கணத்தில் ஆர்.பி.எம்., வேகம், இன்ஜின் சூடு, ட்ரிம் எல்லாம் எவ்வளவு இருந்தன என்று கம்ப்யூட்டர் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பெயரில் பதிந்து வைத்திருக்கும். டெர்மினலைக் கழற்றினால் பல வண்டிகளில் அது அழிந்துவிடும். பட்டறையில் கேட்டு முதலில் அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழுது பார்த்தபின் அதே வேகத்தில், அதே சூட்டில், அதே கியரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஸ்கேனரில் பென்டிங் பகுதியையும் திறந்து பாருங்கள். விளக்கு எரியும் முன்பே சந்தேகக் குறிகள் அங்கேதான் வந்து விழும்.